பெயரில்லாதவளின் கதை: புதுச்சேரி நாவல் வரிசை பற்றி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான்கு நூல்களும் வந்து முடிந்த பிறகு எனக்கு வரும் கடிதங்களில் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத்தான் ஆசை, ஆனால் முடியவில்லை. அதனால் இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன். இன்னும் நூல்களைத் தொடாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இது 1742 முதல் 1761 வரை புதுச்சேரியில் நடக்கும் கதை. அவுரி இலையிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்தைத் துணிக்கு ஏற்றும் ஒரு குடும்பத்தின் மூத்த மகள்தான் நான்கு நூல்களுக்கும் நடுநாயகம்.

கேள்வி: எந்த நூலில் தொடங்க வேண்டும்? இடையிலிருந்து படிக்கலாமா?

வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். முதல் நூல் டூப்ளே புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக் கவர்னராக வந்த 1742-இல் தொடங்கி, 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடிப்பதோடு முடிகிறது. இரண்டாவதில் 1748 முற்றுகையும் 1749 ஆம்பூர்ச் சண்டையும். மூன்றாவது 1750-இல் செஞ்சிக் கோட்டை பிடிபடுவதிலிருந்து 1754-இல் டூப்ளே திரும்ப அழைக்கப்படுவது வரை. நான்காவது 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து இறங்கியதிலிருந்து 1761 ஜனவரியில் ஊர் விழும் வரை. ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் நான்காவதைப் படியுங்கள். அதை எழுதத்தான் மற்ற மூன்றையும் எழுதினேன்.

கேள்வி: இரண்டாயிரம் பக்கம் தாண்டியும் கதாநாயகிக்குப் பெயரே வைக்கவில்லையே, ஏன்? 'மூத்தவள்', 'அவுரிக்காரர் மகள்', 'அக்கா' என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1760-இன் இறுதியில் புதுச்சேரியை ஆங்கிலேயர் சுற்றி வளைத்துவிட்டார்கள். வெளியே அயர் கூட், உள்ளே லாலி. கோட்டைக்குள் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் லாலி ஒரு முடிவெடுத்தார். ஊரில் மிஞ்சியிருந்த தமிழர்களை, சுமார் 1400 பேரை, வெளியே தள்ளிக் கதவை அடைத்தார். ஆண், பெண், குழந்தை, கிழவர் என்று பார்க்கவில்லை. அவர்கள் ஆங்கிலேயர் வரிசைக்குப் போனார்கள். அங்கே விடவில்லை. முற்றுகையில் இருக்கும் ஊரிலிருந்து வாய்கள் குறைந்தால் உள்ளே இருக்கும் சோறு இன்னும் சில நாள் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. திரும்பிக் கோட்டைக்கு வந்தார்கள். அங்கிருந்து சுட்டார்கள். கோட்டைச் சுவருக்கும் ஊரைச் சுற்றியிருந்த முள்வேலிக்கும் நடுவே எட்டு நாள் அந்த மக்கள் அலைந்தார்கள். புல்லின் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். கடைசியில்தான் கூட் வழிவிட்டார்.

அந்தக் காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதை ஒரு சிறு பத்தியில் எழுதிவிட்டு அடுத்த பீரங்கி மேடைக்குப் போய்விடுகிறார். இரண்டு பக்கத்துத் தளபதிகளின் பெயரும் தெரியும், கப்பல்களின் பெயர்கூடத் தெரியும். அந்த 1400 பேரில் ஒருவர் பெயர் அந்தப் பத்தியில் இல்லை.

பதினாறு வருடத்துக்கு முன் அந்தப் பத்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கையில் குழந்தையோடு அந்த வெட்டவெளியில் நிற்கும் ஒரு பெண் மனதில் வந்து நின்றாள். அவள் யார், எந்தத் தெரு, என்ன வேலை செய்தாள், அந்த எட்டு நாளுக்கு முன்னால் அவளுக்கு எப்படிப்பட்ட இருபது வருடம் இருந்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன். நாவல் அங்கேதான் பிறந்தது. அவளுக்குப் பெயர் வைக்க நான் முயலாமல் இல்லை. முதல் வரைவில் மூன்று பெயர் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெயரும், வரலாறு அவளுக்குக் கொடுக்காத ஒன்றை அவளிடம் இருந்ததாகக் காட்டியது. எழுத்தில் பெயர் இல்லாமல் போனவள் என்பதுதான் அவளைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எது நடந்தது, எது உங்கள் கற்பனை? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். பதிவில் இருக்கும் தேதியை மாற்ற மாட்டேன். பதிவில் இருக்கும் ஆளை, அவர் அன்றைக்கு இல்லாத ஊரில் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன். அவர் சொல்லாத பெரிய வார்த்தையை, வரலாற்றைத் திருப்பும் வார்த்தையை, அவர் வாயில் வைக்க மாட்டேன். கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று சண்டையின் முடிவையோ மழையின் நாளையோ நகர்த்த மாட்டேன்.

இதை வைத்துக்கொண்டால் பிரிப்பது எளிது. கவர்னர், நவாபு, துபாஷி என்னும் மொழிபெயர்ப்பாளர், தளபதி என்று பெயரோடு வருகிறவர்கள் எல்லாம் இருந்தவர்கள். அவர்கள் செய்யும் பெரிய காரியங்கள் நடந்தவை. பெயரில்லாமல் உறவாலும் தொழிலாலும் மட்டும் அழைக்கப்படுகிறவர்கள், அதாவது சாயக்காரக் குடும்பம், சலங்கு என்னும் படகை ஓட்டும் கிழவர், சாவடிக் கணக்குப்பிள்ளை, இவர்கள் நான் படைத்தவர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, தெருவில் நடக்கும் சின்னப் பேச்சுகள். அந்தக் காலத்து நாட்குறிப்பை எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை சந்தனம் பூசிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ஒரு சிறுவனிடம் இரண்டு வார்த்தை பேசினால், அது என்னுடையது.

கேள்வி: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் பற்றிப் பின்னுரையில் அவ்வளவு சொல்கிறீர்கள். அது இல்லாமல் எழுதியிருக்க முடியாதா?

முடியாது. பிள்ளை 1709-இல் சென்னை பெரம்பூரில் பிறந்து சிறு வயதில் புதுச்சேரிக்கு வந்தவர். வணிகர், பிறகு டூப்ளேயின் தலைமை துபாஷி. 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, நடுநடுவே விட்டுப்போன பகுதிகள் இருந்தாலும், 1761-இல் சாகும் வரை தான் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். கப்பல் வந்தது, துணி விலை, கவர்னர் கோபப்பட்டது, யார் யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வந்தார், தான் கண்ட கனவு, தன் ஜாதகம் என்று எல்லாம் இருக்கும்.

அவர் இறந்து பல பத்தாண்டுகள் அந்த ஏடுகள் யாரும் கேட்பாரில்லாமல் கிடந்தன. 1846-இல் கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். பிறகு சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ்ப் பதிப்புகளும் இருக்கின்றன. தயவுசெய்து தமிழிலேயே படியுங்கள். ஆங்கிலத்தில் அவர் ஒரு அரசு அதிகாரி மாதிரித் தெரிவார். தமிழில் திண்ணையில் உட்கார்ந்து நம்மிடம் பேசுவார்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அவர் பெரிய மனிதர். அவர் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிவது மட்டுமே அவர் எழுத்தில் இருக்கிறது. சாயக்காரர் அவர் பக்கங்களில் சரக்காக வருவார், பாக்கியாக வருவார். அவர் வீட்டில் அன்றைக்கு உலை வைத்தார்களா என்று பிள்ளை எழுதவில்லை. அந்த இடத்தில்தான் என் வேலை தொடங்குகிறது.

கேள்வி: சென்னை விழுந்த நாள் செப்டம்பர் 21 என்று எழுதியிருக்கிறீர்கள். நான் படித்த புத்தகத்தில் செப்டம்பர் 10 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் ஒரே நாள்தான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தார்கள். ஆங்கிலேயர்கள் இன்னும் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். இரண்டுக்கும் பதினோரு நாள் வித்தியாசம். ஆங்கிலேயர் 1752-இல்தான் மாறினார்கள். அந்த வருடம் அவர்களுக்கு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. இது போதாதென்று, அதுவரை அவர்களுடைய சட்டக் கணக்கில் புது வருடம் மார்ச் 25-இல்தான் பிறக்கும். அதனால் ஜனவரி, பிப்ரவரி நிகழ்ச்சிகளில் வருடமே ஒன்று குறைவாக எழுதியிருப்பார்கள்.

தமிழ்த் தேதியும் சேர்ந்தால் மூன்று கணக்கு. என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, மூன்று பத்தியாக இருபது வருடத்துக்கும் கோடு போட்டு வைத்திருந்தேன். 1746 என்றால் அட்சய வருஷம், அதன் பின் பிரபவ, விபவ, சுக்கில என்று போகும். நாவலில் தமிழர் பேசும்போது தமிழ் மாதம், கதை சொல்லும்போது பிரெஞ்சுத் தேதி என்று வைத்துக்கொண்டேன்.

கேள்வி: நான்காம் நூலில் பொங்கலுக்கு ஆறு நாள் கழித்து ஊர் விழுகிறது. ஜனவரி 16-இல் விழுந்தது என்றால் பொங்கலுக்கு இரண்டு நாள்தானே ஆகியிருக்கும்? பிழையா?

இதைக் கவனித்து எழுதிய மூன்று பேருக்கும் என் நன்றி. பிழையில்லை. நம் வருடக் கணக்கு நட்சத்திரத்தை வைத்தது. ஆங்கில வருடம் பருவத்தை வைத்தது. இரண்டும் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போகின்றன. இன்றைக்கு ஜனவரி 14, 15-இல் வரும் தைப் பிறப்பு 1761-இல் நான்கு நாள் முன்னதாக, ஜனவரி 10-ஐ ஒட்டி வந்தது. சித்திரைப் பிறப்பும் அப்படித்தான்.

விக்கிரம வருஷத்துத் தை அது. கோட்டைக்குள் அரிசி இல்லை. அந்தப் பொங்கலைப் பற்றி எழுதிய அத்தியாயத்தைத்தான் நான் அதிக முறை திருத்தினேன். பொங்கல் கழிந்த சில நாளில் ஆனந்தரங்கப் பிள்ளையும் இறந்துபோனார். தான் நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஊர் விழுவதைப் பார்க்காமல் போனார்.

கேள்வி: டூப்ளேயை ஏன் இவ்வளவு இரக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள்? கோயிலை இடித்தவர் அல்லவா?

1748 செப்டம்பரில், பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்தபோது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. சேசு சபைப் பாதிரிகளின் நெடுநாள் ஆசை அது, கவர்னரின் மனைவி ழான் அம்மாள் அதற்குத் துணை நின்றார் என்றுதான் நாட்குறிப்பு சொல்கிறது. பிள்ளை அந்த நாட்களைப் பற்றி எழுதிய பக்கங்களைப் படித்தால் இன்றைக்கும் கை நடுங்கும். இரண்டாம் நூலில் அதை ஒன்றும் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். உத்தரவு கொடுத்த பொறுப்பிலிருந்து டூப்ளேயை நான் எங்கேயும் விடுவிக்கவில்லை.

இரக்கம் தெரிவது மூன்றாம் நூலின் கடைசியில். தென்னிந்தியாவில் நவாபுகளை ஏற்றி இறக்கிய மனிதர் 1754-இல் திரும்ப அழைக்கப்பட்டு, தன் சொந்தப் பணத்தைப் பிரெஞ்சுக் கும்பெனியிடம் கேட்டு வழக்காடி, 1763-இல் பாரிசில் ஏழ்மையில் செத்தார். அதை அப்படியே எழுதினால் வாசகருக்கு இரக்கம் வரத்தான் செய்யும். கோயில் இடித்த கையும் அந்தக் கைதான் என்பது நினைவில் இருக்கும்போதே அந்த இரக்கமும் வர வேண்டும் என்றுதான் விரும்பினேன்.

ழான் அம்மாளைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. அவரைப் பிள்ளைக்கு ஆகாது. அவர் பற்றி நமக்குக் கிடைக்கும் நிறைய செய்தி அவரைப் பிடிக்காத ஒருவர் எழுதியது. தமிழ் தெரிந்த, ஒற்றர்களை வைத்து நடத்திய, அரசியல் கடிதங்கள் எழுதிய அந்தப் பெண்ணை நாவலில் வேறொரு கண்ணாலும் காட்ட முயன்றேன். போதுமான அளவு செய்தேனா என்பதில் எனக்கு இன்னும் குறை உண்டு.

கேள்வி: நீலச் சாயம் போடும் இடங்களை அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத் தொழிலா?

இல்லை. ஆனால் விழுப்புரம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிரிடுகிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் வழியாக அவுரி இலை மூட்டை ஏற்றிய வண்டிகள் போகும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. நாவலுக்காகத்தான் சாயத் தொட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். பல மாதம் போனேன்.

அவுரி இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்து அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அதைக் காயவைத்துக் கட்டியாக்குவார்கள். ஆனால் அந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. சால் என்னும் பெரிய பானையில் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்க வைத்தால்தான் அது கரைந்து துணியில் ஏறும். சால் பக்குவமாகிவிட்டதா என்று பெரியவர் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

துணியைச் சாலுக்குள் விட்டு எடுக்கும்போது அது நீலமாக இருக்காது. மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். காற்றுப் பட்டதும் நம் கண் முன்னாலேயே நீலமாகும். அதை முதல் தடவை பார்த்த அன்று, மூத்தவளின் குழந்தைப் பருவம் முழுவதும் எனக்குக் கிடைத்துவிட்டது. அவள் தம்பி அந்தத் துணியை "மூச்சு விடுது" என்று சொல்வது அப்போது என் வாயில் வந்த வார்த்தை.

அந்தத் துணிதான் அன்றைய புதுச்சேரிக்குச் சோறு போட்டது. நீலத் துணிக் கட்டுகள் பிரான்சின் லோரியான் துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். மூத்தவளுக்கு இது கடைசி வரை தெரியாது. வாசகருக்குத் தெரிய வேண்டும் என்று மூன்றாம் நூலில் ஒரு மாலுமியை வைத்துச் சொன்னேன்.

கேள்வி: முதல் நூலில் வரும் ஆள்பிடிக்கும் அத்தியாயம் மிகையாகத் தெரிகிறது. புதுச்சேரியிலிருந்தா தமிழர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள்?

ஏற்றினார்கள். ஆசை காட்டியும் ஏமாற்றியும் ஆட்களைப் பிடித்து, அடைத்து வைத்து, இரவில் கப்பலுக்குக் கொண்டுபோனதைப் பற்றி 1743-ஆம் வருட நாட்குறிப்பிலேயே இருக்கிறது. அவர்கள் போன இடம் மஸ்கரைத் தீவுகள். இன்றைய மொரீசியஸும் ரியூனியனும். அதைப் படித்துவிட்டு எழுதிய அத்தியாயம் அது. நான் கூட்டியது அந்தத் தாயின் அழுகையை மட்டும்தான்.

மொரீசியஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள்தான் தம் முன்னோர் என்று நினைத்திருந்ததாகவும், அதற்கு நூறு வருடம் முன்பே தமிழர்கள் அந்த மண்ணில் இறங்கியிருந்தார்கள் என்பது இந்த நாவலில்தான் தெரிந்தது என்றும் சொன்னார். கைத்தொழில் தெரிந்தவர்களாகவும் போனார்கள், அடிமைகளாகவும் போனார்கள். அவர் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கேள்வி: தம்பியை ஏன் ஆம்பூரில் சாகடித்தீர்கள்?

இதைக் கோபமாகக் கேட்டவர்களே அதிகம். சிலர் அந்தப் பக்கத்தோடு நூலை மூடி வைத்துவிட்டதாகவும் எழுதினார்கள். 1749 ஆகஸ்ட் 3-இல் ஆம்பூரில் ஆற்காட்டு நவாபு அன்வருதீன் கான் யானை மேல் இருந்தபடியே சுட்டுக் கொல்லப்பட்டார். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவரோடு செத்த, அவரை எதிர்த்துச் செத்த சாதாரணச் சிப்பாய்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்குச் செய்தி எப்படிப் போனது? போனதா? இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று சிப்பாயாகப் போன ஒரு சாயக்காரப் பையன் திரும்பி வந்திருந்தால் நான் அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்திருப்பேன். அவனைக் காப்பாற்ற ஒரு அத்தியாயம் எழுதியும் பார்த்தேன். பொய்யாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

கேள்வி: பாத்திரங்கள் பேசும் தமிழ் அந்தக் காலத்துத் தமிழா?

முழுக்க இல்லை. முழுக்க அப்படி எழுதினால் படிக்க முடியாது. நாட்குறிப்பின் தமிழில் பாரசீகம், தெலுங்கு, போர்த்துகீசு, பிரெஞ்சு எல்லாம் கலந்து கிடக்கும். அன்றைய பேச்சே அப்படித்தான். அதனால் 'தூய தமிழ்' பேசும் பதினெட்டாம் நூற்றாண்டுத் துபாஷி யாரும் என் நூலில் கிடையாது. கும்பெனி, சாவடி, வக்கீல், சலாம், வராகன், நாழிகை என்று இன்று கேட்டாலும் புரியும் வார்த்தைகளை அப்படியே விட்டேன். வீட்டுக்குள் பேசுவதைத் தென்னாற்காட்டுப் பேச்சாக வைத்தேன், ஏனென்றால் அது என் காதில் இருக்கும் பேச்சு.

கேள்வி: சலங்கு என்றால் என்ன? படகுதானா?

படகுதான், ஆனால் தைத்த படகு. அன்றைக்குப் புதுச்சேரியிலும் சரி, சென்னையிலும் சரி, கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோக ஆணி அடித்த படகு தாங்காது, உடைந்துவிடும். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஐரோப்பியர் இதை மசூலா என்றும் எழுதினார்கள். கவர்னரானாலும் தளபதியானாலும் அந்தக் கடற்கரையில் கால் வைக்க ஒரு மீனவரின் கையை நம்பித்தான் ஆக வேண்டும். சலங்குக்காரக் கிழவருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்து எழுதியதற்கு அதுவே காரணம்.

கேள்வி: முதல் பதிப்பில் இருந்த விருந்து ஒன்று இரண்டாம் பதிப்பில் மாறியிருக்கிறதே?

ஆமாம், என் தவறு. ஒரு கல்யாண விருந்தில் தக்காளி ரசம் பரிமாறிவிட்டேன். அந்தக் காலத்தில் நம் சமையலில் தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கும் கிடையாது. மிளகாய் உண்டு, போர்த்துகீசியர் கொண்டுவந்து அதற்குள் நன்றாகவே பரவியிருந்தது. காபி பிரெஞ்சுக்காரர் வீட்டில் இருக்கும், சாயக்காரர் வீட்டில் இருக்காது, அங்கே நீராகாரம்தான். ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை எழுதிச் சுட்டிக்காட்டினார். அடுத்த பதிப்பிலேயே மிளகு ரசமாக மாற்றினேன். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தயங்காமல் எழுதுங்கள்.

கேள்வி: சாதியைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுத வேண்டுமா?

வேண்டும். சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்து போட்ட தகராறில் தெருக்கள் அடைபட்ட காலம் அது. யார் எந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகலாம் என்பதற்குக் கவர்னர் வரை வழக்குப் போனது. அதை விட்டுவிட்டு எழுதினால் அந்த ஊர் வேறு ஏதோ ஊராகிவிடும்.

கேள்வி: நூல்களைப் படித்துவிட்டுப் புதுச்சேரிக்குப் போகிறோம். என்ன பார்க்கலாம்?

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரைப் பக்கம் நீங்கள் பார்க்கும் அழகான பிரெஞ்சு வீடுகளில் டூப்ளே நடந்ததில்லை. 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்த பிறகு கட்டியவைதான் இவை. கோட்டை நின்ற இடம் இன்றைய பாரதி பூங்காவைச் சுற்றி. அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அது போதும்.

தப்பி நிற்பது ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. கீழே நம் ஊர் மரத்தூண்கள், மேலே ஐரோப்பிய பாணித் தூண்கள். வாசலில் நின்று பார்த்தாலே அந்த மனிதரின் வாழ்க்கை புரியும். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. இடிக்கப்பட்ட வேதபுரீசுவரர் கோயிலுக்குப் பதிலாகப் பின்னாளில் எழும்பிய கோயில் ஈசுவரன் கோயில் வீதியில் இருக்கிறது. பழைய கோயில் நின்றது அங்கே இல்லை, மிஷன் வீதிச் சம்பா கோயிலை ஒட்டி. நேரம் இருந்தால் செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் போய்விட்டு வாருங்கள். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்த மலைக்கோட்டையைக் கீழிருந்து பார்த்தால், இது எப்படி முடிந்தது என்று உங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

அந்த 1400 பேர் அலைந்த இடம் எது என்று கேட்கிறார்கள். கோட்டைக்கும் பழைய வேலிக்கும் நடுவில் இருந்த நிலம் இன்றைக்கு ஊர்தான். வீடு, கடை, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம். அடையாளக் கல் எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: பிரெஞ்சு தெரியாமல் இப்படி எழுத முடியுமா? சரித்திர நாவல் எழுத ஆசைப்படும் எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?

ஓரளவு கற்றுக்கொண்டேன், கடினமான இடங்களில் தெரிந்தவர்கள் உதவினார்கள். மொழியைவிட எனக்குக் கை கொடுத்தது வேறொன்று. எழுதப் போகும் காலத்து மனிதர்கள் காலையில் எழுந்ததும் என்ன செய்தார்கள் என்று தெரியும் வரை முதல் வரி எழுதாதீர்கள். விளக்குக்கு என்ன எண்ணெய், தண்ணீர் எங்கிருந்து, ஒரு வராகனுக்கு எத்தனை பணம் மாற்றினார்கள், அடுத்த ஊருக்கு நடந்தால் எத்தனை நாள். அரண்மனையும் போரும் புத்தகத்தில் தானாகக் கிடைக்கும். இவை கிடைக்காது, தேட வேண்டும்.

அப்புறம், ஒரே சம்பவத்தை எதிரெதிர்த் தரப்பில் இரண்டு பேர் எழுதியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகும் இடத்தைவிட, இரண்டு பேரும் பேசாமல் விட்ட இடத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: திரைப்படமாக வருமா?

இரண்டு பேர் பேசினார்கள். இரண்டு பேருமே அவளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றார்கள். அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஐந்தாம் நூல் உண்டா? கடைசிப் பக்கத்தில் கூட் வழிவிட்டதும் அவள் குழந்தையோடு மேற்கே நடந்து போகிறாளே. அதன் பிறகு?

நான்காவதோடு முடித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் குழந்தைக்கு அப்போது நான்கு வயது. பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து ஊரை மறுபடி கட்டத் தொடங்கிய 1765-இல் அவனுக்கு எட்டு அல்லது ஒன்பது. கட்டுமான வேலைக்குச் சுண்ணாம்பும் செங்கல்லும் சுமக்கும் வயதுதான். இடிந்த கோட்டைக் கல்லை எடுத்துப் புது வீடு கட்டும் ஊரில், தன் அம்மா வேலை செய்த சாயத் தொட்டி எங்கே இருந்தது என்று அந்தப் பையன் தேடிக்கொண்டு போகிறான். இருபது பக்கம் எழுதியிருக்கிறேன். இன்னும் அவன் அந்தத் தெருவைக் கண்டுபிடிக்கவில்லை.